இரும்புக் கடைக்குப் போகாத ஜீப்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பினாங்கில் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றில் முதல் மாடியில் குடியிருந்தோம். நான், கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் படுத்துக்கொண்டன. முதலில் என் வேலை, பிறகு என் கணவர், கடைசியாக எங்கள் ஜீப்.

பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மலாயில் 'லெப்பாஸ்' என்றால் விடுவிப்பது. பெயருக்கேற்றபடி, ஆர்டர் குறைந்தது என்று சொல்லி எங்கள் லைன் முழுவதையும் ஒரே நாளில் விடுவித்துவிட்டார்கள்.

கணவர் நில அளவைக் கம்பெனி ஒன்றில் டிரைவர். கம்பெனி கழித்துப்போட்ட ஒரு பழைய ஜீப்பை வாங்கி வைத்திருந்தார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. டுரியான் காலம் வந்தால் லீவு போட்டுவிட்டு, பாலிக் பூலாவ் மலைத் தோட்டங்களிலிருந்து பழம் ஏற்றி இறக்குவார். அந்தப் பாதையில் சாதாரண லாரி ஏறாது. எங்கள் வீட்டில் நல்லது எது நடந்தாலும் அந்த வண்டி கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். ஒரு நாள் மழை ஈரத்தில், தோளில் பழக்கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. மாதக்கணக்கில் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜீப் பிளாட்டின் பின்பக்கம், சாக்கடை ஓரமாக, தார்ப்பாய்க்குள் கிடந்தது. மழைக்காலம் முழுக்க யாரும் தொடவில்லை. அடுத்த டுரியான் காலம் நெருங்கும்போது நான் போய்க் கிளப்பிப் பார்த்தேன். காரோட்ட எனக்குத் தெரியும், லைசென்ஸும் உண்டு. வண்டி இருமியது. கரும்புகை கக்கியது. வீட்டுப் பக்கத்து மேட்டில்கூட ஏறாமல் பாதியில் நின்றது.

கணவரின் அண்ணன் டவுனில் வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். ஆள் அனுப்பினேன், வந்தார். வண்டியைக் கிளப்பச் சொன்னார். ஒரு சிகரெட் பிடித்து முடிக்கும்வரை தள்ளி நின்று அதன் சத்தத்தைக் கேட்டார். சிகரெட்டைக் காலால் தேய்த்தார்.

"இன்ஜின் போயிருச்சும்மா. இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட் லா. இரும்புக் கடைக்காரன் எனக்குத் தெரிஞ்சவன். நாளைக்கே வந்து தூக்கிட்டுப் போவான்."

"எந்த எடத்துல போயிருச்சு மச்சான்?"

"எந்த எடம்னு சொன்னா உனக்குப் புரியுமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நான் தொழிற்சாலையில் என்ன வேலை செய்தேன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை நகக்கண்ணைவிடச் சின்ன சில்லில் ஒட்டும் வேலை. கொஞ்சம் விலகினாலும் குப்பைக்குப் போகும். அந்த வேலையைப் பத்து வருடம் செய்தவளைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி.

மாடியேறி வந்தேன். கணவர் படுக்கையிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். குடுத்துரு" என்றார்.

"அவரு பானட்டையே தொறக்கலங்க. தொறக்காமலே எப்படித் தெரியும்?"

"அவருக்குச் சத்தத்துலயே தெரியும்."

"எனக்குத் தெரியலையே. நான் தொறந்து பாக்குறேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்து, தாலிக்கொடியில் இருந்த ஊக்கில் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் இரும்புக் கடை லாரி உண்மையிலேயே வந்தது. மச்சானும் வந்தார். நான் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, விற்கவில்லை என்று சொன்னேன். வந்தவனுக்கு முன்னால் அவருக்குத் தலைகுனிவு. முகம் சிவந்துவிட்டது.

"என் தம்பி படுத்துக்கெடக்குறான், நீ பேசுறியா?"

"அவரு படுத்துக்கெடக்குறதாலதான் மச்சான் நான் பேசுறேன்."

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் பல மாதம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து என் அம்மா வந்தார். எங்களுடையது யாழ்ப்பாண வழி வந்த குமாஸ்தாக் குடும்பம். வீட்டு ஆண்களே கையில் கறை படாமல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவர்கள். "படிச்ச குடும்பத்துப் பொம்பிளை, தெருவில வண்டிக்குக் கீழ படுக்கிறதோ?" என்று கேட்டார். அப்படிக் கேட்டபோது நான் உண்மையிலேயே வண்டிக்குக் கீழேதான் படுத்திருந்தேன். அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் செருப்பு போய்விட்டது.

சௌராஸ்தா பாசார் என்ற சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கும். அங்கே, அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. பழைய பெட்ரோல் ஜீப்பை வீட்டிலேயே எப்படிப் பராமரிப்பது என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். சமைத்துக்கொண்டே படித்தேன். பிள்ளைகளுக்குத் தலை பின்னிக்கொண்டே படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிந்தது. இன்ஜின் ஓட வேண்டுமானால் காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் ஒரு நெருப்புப் பொறி, இவை மூன்றும் வேண்டும். இவற்றில் எது குறைகிறது என்று பார்க்காமலேயே வண்டி செத்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் அடுப்புக்கரி மாதிரி இருந்தன. அவற்றின் நுனியில் உள்ள இடைவெளியை அளக்க மெல்லிய எஃகுத் தகடு ஒன்று வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். "சுவாமி மானா?" என்று மலாயில் கேட்டார். புருஷன் எங்கே என்று அர்த்தம்.

"புருஷனுக்கு இல்லை, ஜீப்புக்குத்தான் சாமான் வேண்டும்" என்று நானும் மலாயில் சொன்னேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, தகடு செட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கரியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். இடைவெளியை அளந்து வைத்தேன். பொறியைப் பகிர்ந்துகொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே இருந்த பாயின்ட் பள்ளம் பள்ளமாக எரிந்து கிடந்தது. புதிது மாற்றினேன். அந்த வேலையைச் செய்யும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சின்னச் சின்ன திருகு, நூலளவு இடைவெளி. மைக்ராஸ்கோப் இல்லாத குறைதான், மற்றபடி பழைய லைனில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

காற்று வடிகட்டியைத் திறந்தேன். அடியில் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் களிமண் மாதிரி ஏதோ உறைந்திருந்தது, அதில் ஒரு பல்லி வேறு. பாவம் இன்ஜின், இத்தனை நாள் மூச்சு முட்டிப்போய் இருந்திருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவினேன். கழற்றிய வரிசை மறந்துவிடக் கூடாது என்பதற்காகத் திருகுகளைப் பிள்ளைகளின் வண்ணச் சாயத் தட்டில் குழி குழியாகப் போட்டுவைத்தேன்.

எல்லாம் முடித்துப் பெருமையாக இன்ஜின்மேல் குனிந்துகொண்டு, பெரிய பெண்ணைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். டமார் என்று ஒரு வெடி! வேலியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. பிளாட்டின் எல்லா மாடியிலும் தலைகள் முளைத்தன. என் புருவத்தில் பாதி கருகிவிட்டது. மேலிருந்து யாரோ, "என்னக்கா, தீபாவளியா?" என்று கத்தினார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அத்தனை பேரும் பார்ப்பார்களே என்று பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அப்போது மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "வயரை மாத்திப் போட்டிருக்கே. வரிசை ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு."

கணவர்தான். படுக்கையை விட்டு எழக் கூடாத மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை வந்திருக்கிறார். "போய்ப் படுங்க!" என்று கத்தினேன். ஆனால் அவர் சொன்ன வரிசையில் வயரை மாற்றினேன். இந்தத் தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் தடுமாறியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. புகை இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் ஆள் இல்லை. அன்று இரவு சாப்பிடும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

ஓடினால் மட்டும் போதாது, மலையில் நிற்கவும் வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் சாதாரண காரைவிட ஒரு கியர்பெட்டி அதிகம். முன்னாலும் பின்னாலும் இழுக்கும் தண்டுகளும் அதிகம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு திருகு இருக்கும். பின் அச்சின் திருகைக் கழற்றினேன். தேன் மாதிரி வரவேண்டிய எண்ணெய் பாலில் மைலோ கலக்கிய மாதிரி வந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினேன். தண்டுகளின் மூட்டுகளுக்குக் கிரீஸ் அடித்தேன்.

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி, பலகாரம் செய்து விற்பவர், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு "தெக்கான்!" என்றால் பெடலை மிதிப்பார். "லெப்பாஸ்!" என்றால் விடுவார். ஒரு மதியம் முழுக்க அந்தப் பிளாட்டில் எங்கள் இரண்டு பேர் சத்தம்தான். கடைசியில் பெடல் கல் மாதிரி இறுகியபோது, என்னைவிட அவர்தான் அதிகமாகக் கைதட்டினார்.

டுரியான் விழ ஆரம்பித்தது. தவுக்கேயை, அதாவது தோட்ட முதலாளியை, போய்ப் பார்த்தேன். அவர் என்னையும் பார்த்தார், ஜீப்பையும் பார்த்தார். கணவர் பெயரைச் சொல்லி, எப்போது எழுந்திருப்பார் என்று கேட்டார். "அவர் எழுந்திருக்கும்வரை பழம் மரத்திலேயே காத்திருக்குமா?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். ஒரே ஒரு நடை, ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் பார்க்கலாம் என்றார்.

அந்த ஒரு நடைதான் நான் சொல்ல வந்தது.

முந்தின நாள் பெய்த மழையில் மலைப்பாதை செம்மண் குழம்பாகக் கிடந்தது. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாதை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். நான்கு சக்கர கியரைப் போட்டு ஏறினேன். ஏறிவிட்டது. பின்னால் கூடை கூடையாகப் பழம் ஏற்றினார்கள். இறங்கும்போது பிரேக்கையே நம்பியிருக்கக் கூடாது, சூடேறிப் பிடிக்காமல் போய்விடும் என்று படித்திருந்தேன். மெது கியரில் போட்டு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட்டு, நடை வேகத்தில் இறங்கினேன். பாதி மலை தாண்டியிருப்பேன். நடுவில் ஒரு சின்ன மேடு. அதில் ஏறும்போது இன்ஜின் இரண்டு தடவை இருமியது. அப்படியே நின்றுவிட்டது.

கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்தேன். திரும்ப ஏறி, சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாட்டரிதான் இளைத்துக்கொண்டே போனது. அதற்குள் பின்னால் இன்னொரு ஜீப் வந்து நின்றது. பக்கத்துத் தோட்டத்துப் பழத்தோடு இரண்டு பேர். டிரைவர் நம் தமிழ் ஆள்.

"அக்கா, இது அந்த வொர்க்‌ஷாப் அண்ணே செத்துப்போச்சுன்னு சொன்ன வண்டிதானே? எறங்குங்க. ஓரமா பள்ளத்துப் பக்கம் தள்ளிட்டு வழி விடுங்க. பழத்த எங்க வண்டில கொஞ்சம் ஏத்திக்கிறோம்."

ஆக, மலைவரைக்கும் அந்தப் பேச்சு வந்திருந்தது. எதிர்மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு மழை பிடித்தால் யாருமே இறங்க முடியாது. தள்ளிவிட்டால் ஜீப் பள்ளத்துக்குள் போய்விடும், பிறகு எடுக்க முடியாது. அவர்கள் இரண்டு பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் வண்டிப் பக்கம் வந்தார்கள்.

"தொடாதீங்க!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "என் வண்டில யாரும் கை வைக்கக் கூடாது."

"அக்கா, மழை வருது லா..."

"வரட்டும். நீங்க உள்ள ஏறி, நான் சொல்றப்போ சாவிய மட்டும் திருப்புங்க. வேற எதையும் தொடாதீங்க."

என்ன நினைத்தாரோ, டிரைவர் ஏறி உட்கார்ந்தார். நான் ஒரு பிளக் வயரை உருவி, இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். திருப்பச் சொன்னேன். நீலமாகப் பொறி பறந்தது. நெருப்பு இருக்கிறது. அப்படியானால் பெட்ரோல்தான் வரவில்லை. பெட்ரோல் பம்ப்பின் அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. கழற்றினேன். உள்ளே துருவும் தண்ணீரும் தேநீர்ச் சக்கை மாதிரி சேர்ந்திருந்தன. எல்லாவற்றையும் கழுவியவள் பெட்ரோல் டேங்க்கைக் கழுவவில்லை. அடியில் படிந்திருந்த துரு, மலைப்பாதைக் குலுக்கலில் கிளம்பி வந்து அடைத்துவிட்டது.

சேலைத் தலைப்பால் கிண்ணத்தைத் துடைத்தேன். குழாயில் வாயை வைத்து ஊதினேன். அடைப்பு விட்டது, வாய் நிறையப் பெட்ரோல். துப்பிவிட்டு மறுபடி மாட்டினேன். பம்ப்பின் கைப்பிடியை அழுத்த அழுத்தக் கிண்ணம் மெதுவாக நிறைந்தது. சாவியைத் திருப்பச் சொன்னேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டரி தீர்ந்துவிட்டது.

"முடிஞ்சது" என்றார் இன்னொருவர்.

சீட்டுக்கு அடியிலிருந்து சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை எடுத்தேன். "அக்கா, அது திருப்பி அடிச்சா கை போயிரும், எங்கிட்ட குடுங்க" என்று அவரே கேட்டார். அது எனக்கும் தெரியும். கட்டைவிரலைக் கைப்பிடிக்கு மேலே சுற்றிப் பிடிக்காமல், மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். கால்களை மண்ணில் ஊன்றி, கீழிருந்து மேலாக இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன். கைப்பிடி உதறியது. இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு, இத்தனை மாதம் எனக்குள் அடங்கிக் கிடந்த எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தேன்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது.

டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியவர், எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சேலையெல்லாம் செம்மண், வாயெல்லாம் பெட்ரோல் நாற்றம். ஏறி உட்கார்ந்து மெது கியரில் போட்டேன். அடிவாரம் வரும்வரை பிரேக்கில் கால் வைக்கவில்லை. தார் ரோட்டைத் தொட்டபோதுதான் மழை பிடித்தது. வைப்பர் ஓடவில்லை. அதைச் சரிபார்க்க மறந்திருந்தேன். தலையை வெளியே நீட்டிக்கொண்டு, கெக்கெக்கே என்று சிரித்தபடி டவுனுக்கு ஓட்டினேன். அப்படி நான் சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த டுரியான் காலம் முழுக்கத் தவுக்கேயின் பழத்தை நான்தான் இறக்கினேன். மறுவாரமே டேங்க்கை இறக்கிக் கழுவினேன். தொழிற்சாலையிலிருந்து மறுபடி வரச்சொல்லி ஆள் வந்தது, நான் போகவில்லை. கணவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் என் பக்கத்துச் சீட்டில் ஏறி வந்தார். சாவியைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

சில வருடம் கழித்து, டவுனில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே மச்சான் உட்கார்ந்திருந்தார். பேச்சு வார்த்தையெல்லாம் அதற்குள் சரியாகியிருந்தது. அவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி, "இன்ஜின் வேலையெல்லாம் அத்துப்படி. நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். பக்கத்திலிருந்த அம்மா என் முழங்கையை அழுத்தினார், பேசாமல் இரு என்று.

"இல்ல மச்சான்" என்றேன், பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி. "நீங்க சொல்லிக்குடுக்கல. சொன்னா உனக்குப் புரியுமான்னு கேட்டீங்க."

பரிமாறிக்கொண்டிருந்தவர்கூட நின்றுவிட்டார். மச்சான் இலையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "ஆமா. கேட்டேன்" என்றார். முதலில் சிரித்தவர் என் கணவர். பிறகு மச்சானும் சிரித்தார். அம்மா மட்டும் கல்யாணம் முடியும்வரை என்னோடு பேசவில்லை.

ஒரு விஷயத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அது முடிந்துவிட்டது என்று சொல்பவர்கள், மருத்துவமனையிலும் ஆபீசிலும் சொந்த வீட்டிலும் அதற்குப் பிறகு எனக்கு நிறையப் பேர் வாய்த்தார்கள்; அவர்களில் ஒருவருக்குக்கூட நான் இன்றுவரை மரியாதைக்காகத் தலையாட்டியதில்லை, இனியும் ஆட்டுவதாக இல்லை.